மூடி போடாத ஆம்ப்ளிஃபயர்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு மூடி என்று ஒரு தகரம் இருந்தது. ஆனால் அது ஒருநாளும் ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில், மின்சார ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் அந்த வீட்டில், அம்மா அதில்தான் முருங்கைக்கீரை ஆய்வாள். "நாளைக்கு ஸ்க்ரூ போட்டுர்றேம்மா" என்பான் அண்ணன். அந்த நாளை வரவே இல்லை. உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் எதையாவது கழற்றுவான். கையும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. எனக்கும் அந்தப் படபடப்பு உண்டு. இதை எழுதும்போதுகூட நடுநடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்த ஏதோ ஒரு மதியம் அவரே பட்டனை அமுக்கி, கோயிலில் பாடும் கீர்த்தனைகளைப் பாடிப் பதிந்த ஒரு கேஸட்தான் அவர் குரலாக எங்களிடம் மிஞ்சியது. அம்மாவுக்கோ காது மங்கிக்கொண்டே வந்தது. டேப் ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் போட்டால் அவளுக்கு எட்டவில்லை. "மெல்லிய சத்தம் முதல்ல போகும், கனத்த சத்தம் கொஞ்ச நாள் தங்கும். கேக்க வேண்டியதை எல்லாம் சீக்கிரம் கேட்டுக்குங்க" என்று காது டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பாவி மனுஷன், சிரிக்கிற விஷயமா அது? அன்று மாலையே, ஆம்ப்ளிஃபயர் செய்யச் சாமான் வாங்க, அண்ணன் ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டான்.

ஐந்து கால் வைத்த கறுப்பு ஐ.சி. ஒன்று. அதன் சூட்டைத் தணிக்க, அவன் வேலை பார்த்த திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிய அலுமினியத் துண்டு. இரண்டுக்கும் நடுவே கரண்ட் தாவாமல் இருக்க மெல்லிய மைக்கா வைக்க வேண்டும்; அவசரத்தில் மறந்துவிட்டான். முதல் ஐ.சி. புகைந்து போனது. "என்னடா, சாம்பிராணி போடறியா?" என்றாள் அம்மா. அடுத்தது பிழைத்தது. பெரிய ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கணீரென்று வந்தது. அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தமும் வந்தது. சின்ன ஸ்பீக்கரில் அப்படி ஒன்று கேட்டதே இல்லை.

"ஹம் அடிக்குது" என்று உடனே நிறுத்திவிட்டான். அம்மா அப்போது மாவு அரைக்கப் போயிருந்தாள். "ஹம் போகட்டும், சுத்தமா போட்டுக் காட்டறேன்." அங்கே பிடித்தது சனி. அவன் ஒயரை மாற்றினான், கண்டென்சரை மாற்றினான், எர்த்தை மாற்றினான். சோதித்துப் பார்ப்பதும் அந்த ஒரே கேஸட்டில்தான். ரிக்கார்டரை நிறுத்தினால் ஹம்மும் நிற்கும்; ஆகவே ரிக்கார்டரின் மோட்டார்தான் காரணம் என்றான். ஹம் ஏறி இறங்கி வருவதைக் கேட்டு, வோல்டேஜ் ஆடுகிறது என்றான், ரயில் என்றான். மாதங்கள் போயின. நான் கத்துவேன், "அரைகுறையா இருந்தாலும் பரவால்ல, போடுடா!" அவன் காதில் விழாது. காது போய்க்கொண்டிருந்தது அம்மாவுக்கு, கேட்காதவன் இவன்.

ஒரு சனிக்கிழமை அவன் வேறு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போன நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவை ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைத்து நானே போட்டேன். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. வால்யூமைக் கூட்டினேன். அம்மா ஸ்பீக்கர் துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு, "அடியே, இது நம்ம டேபிள் ஃபேன்டி!" என்றாள். "இந்தப் பக்கம் போவுது பாரு... இப்போ திரும்புது. வேர்க்குதுன்னு அதைப் பக்கத்துல வெச்சுகினுதான் பாடுவாரு உங்கப்பா."

வாசலில் அண்ணன் டிரான்ஸ்ஃபார்மர் பையோடு நின்றுகொண்டிருந்தான். அருகில் வந்து, "அப்பா பாட்டு கேக்குதாம்மா?" என்று உரக்கக் கேட்டான்.

"பாட்டு எங்கடா கேக்குது? ஃபேன் நல்லா கேக்குது. அவரு இங்கதான் உக்காந்துகினு இருக்காரு."

முதல் நாளே போட்டிருந்தால் பாட்டும் கேட்டிருக்கும். அவன் கனத்த சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினான். அதன்பின் அம்மா இருந்தவரை, அந்த ஹம்மை இன்னும் பெரிதாக்கத்தான் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆத்திரமும் வரும் எனக்கு, அழுகையும் வரும்.

போன வாரம் கோவிலம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கீரை ஆய்ந்து கறை ஏறிய அந்த மூடியைக் கையோடு எடுத்துப் போனேன், இப்போதாவது போடட்டும் என்று. வாங்கி ஓரமாக வைத்துவிட்டான். என் மகன் அந்தக் கேஸட்டைப் போனில் ஏற்றி, இரைச்சலையெல்லாம் நீக்கி அனுப்பியிருந்தான். போட்டுக் காட்டினேன். அப்பாவின் குரல் மட்டும், கழுவித் துடைத்தது மாதிரி வந்தது. அண்ணன் அன்று தலைகீழாக நின்று தேடியது இதைத்தான்.

"சுத்தமா இருக்கு" என்றான். கால் ஆடியது. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தை மாதக் குளிரில் உள்ளே போய் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, போனுக்குப் பக்கத்தில் வைத்து சுவிட்சைத் தட்டினான்.

"இப்போ போடு" என்றான்.