கார்னியின் நாற்காலி

லெஸியா வின்னிபெக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஏரியில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தை முறித்துக்கொண்டாள். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, விரல்கள் மடங்காது. அதற்குப் பிறகு கணவன் பீட்டர் அவளை முட்டையைத் தூக்குவது போலத்தான் தூக்கினான். ஊரே அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசியது. எனக்கும் கழுத்துதான் போனது என்பதால், அது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும்.

எங்கள் சக்கர நாற்காலி ரக்பியை வேடிக்கை பார்க்க வந்தவள், நாற்காலியும் நாற்காலியும் மோதுகிற சத்தத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னையும் இடிங்கப்பா!"

செத்தவரின் ஆட்ட நாற்காலியைப் புதிதாக வருகிறவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அப்படித்தான் கார்னியின் நாற்காலி அவளுக்கு வந்தது. போன குளிர்காலத்தில் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போன அன்றே, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தவன் கார்னி.

அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே அவள் முகம் சிவந்தது.

"பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்குடா. பிடரி மயிரெல்லாம் சிலிர்க்குது."

"கார்னிதான். கஞ்சப்பய, செத்தும் எடத்தக் குடுக்க மாட்டேங்கிறான்," என்றான் எங்கள் அணியின் டரேல்.

சிரித்தோம். ஆனால் அவள் கைகளில் புல்லரித்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். அவளை இறக்கினால் அடங்கியது, ஏற்றினால் மறுபடி வந்தது. நாற்காலியைக் கவிழ்த்துத் தேடினேன், ஒன்றுமில்லை. அதன் பிறகு அந்த நாற்காலிப் பக்கம் தனியாக இருக்க எனக்கே பயமாக இருந்தது. லெஸியா மட்டும் விடவில்லை.

"இருந்துட்டுப் போறான். நீ இடி!"

ஒரு நாள் நான் இடித்த இடியில் அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். எங்கள் ஆட்டத்தில் விழுந்தவரை, இருக்கையோடு கட்டியிருக்கும் வாரைக் கழற்றாமல் நாற்காலியோடுதான் நிமிர்த்துவார்கள். வெளிக் குளிரில் காரைச் சூடேற்றிவிட்டு உள்ளே வந்த பீட்டருக்கு அது தெரியாது. ஓடிவந்து வாரை அவிழ்த்து அவளைத் தூக்கினான்.

"விடு, பீட்டர்! மானத்த வாங்காத!"

அவன் கையெல்லாம் ரத்தம். இருக்கையை அழுத்திப் பார்த்தான். மெத்தையைத் துளைத்துக்கொண்டு ஒரு திருகாணி மேலே வந்தது. கையை எடுத்ததும் உள்ளே போய்விட்டது.

உணர்ச்சியில்லாத இடத்தில் எது குத்தினாலும் எங்களுக்கு வலிக்காது. உடம்பு வேறு வழியில் கத்தும்: ரத்த அழுத்தம் ஏறும், முகம் சிவக்கும், மயிர் சிலிர்க்கும், தலை இடிக்கும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஆள் காலி. எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். கார்னி மேல் இருந்த ஆசையில் அத்தனை பேரும் அதை மறந்து, அவன்தான் வந்திருக்கிறான் என்று நம்பிவிட்டோம்.

"தல இடிச்சுதா?" என்று கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்து."

"ஏண்டி சொல்லல?" என்றான் பீட்டர்.

"சொன்னா விளையாட விட்டிருப்பியா?"

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் மெத்தை உறையைக் கிழித்தேன். அவளுடைய ஈர ரத்தத்துக்கு அடியில் காய்ந்து கறுத்த பழைய கறை ஒன்று இருந்தது. கார்னி அந்தக் கடைசிப் பயிற்சியில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

புண் ஆறியதும் பீட்டரே அவளைக் கூட்டி வந்தான். இருக்கையை அடியோடு மாற்றியிருந்தோம். ஆனாலும் அவன் அதை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவளை உட்கார வைத்தான்.

"இடிங்க," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இடித்தேன். லெஸியா குலுங்கி நிமிர்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப யாரும் இல்லடா," என்று சிரித்தாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது.