கௌசி தேர்ந்தெடுத்த மலையூர்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. என் மனைவி கௌசி எனக்குக் கிடைத்ததே என் பயத்தால்தான். மதுரையிலிருந்து டொரொண்டோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். எதிரே இருந்த பெண் ஊசியைக் கையில் எடுத்தாள். அடுத்து நான் பார்த்தது கூரை விளக்கைத்தான். விழும்போது 'அம்மா' என்று கத்தியிருக்கிறேன். அதை வைத்து என்னைத் தமிழன் என்று கண்டுகொண்டாளாம்.

"நான் இன்னும் குத்தவேயில்லை" என்றாள்.

அதுதான் கௌசி என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கல்யாணமாகிப் பிக்கரிங்கில் வீடு வாங்கி, மகள் அட்சயாவுக்கு ஆறு வயதாகிவிட்டது. இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர்களை விடமாட்டாள். எட்டுக்கால் பூச்சியைக் கையால் பிடித்து வெளியே விடுபவள் அவள். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் காரை நுழைப்பவளும் அவள். நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கௌசி வன்னியில் பிறந்தவள். போர் முடிந்த மறு வருடம், பத்தொன்பது வயதில், தன் தாய் தவமணியோடு இங்கே வந்து சேர்ந்தாள். தம்பி திலக்சன் வரவில்லை. சாமி அறையில் அவன் படம் இருக்கிறது, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. "செல் விழுந்தது" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். பீரங்கிக் குண்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

பனிச்சறுக்கு அவளைப் பிடித்துக்கொண்டது ஆஸ்பத்திரிக்காரர்கள் கூட்டிப்போன ஒரு சுற்றுலாவில். நகருக்கு வடக்கே ஒரு சின்னக் குன்று. லேபில் வேலை செய்கிற மற்றவர்கள் ஒருதரம் சறுக்கி, இரண்டுதரம் விழுந்து, உள்ளே போய்ச் சூடாகச் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார்கள். கௌசி மட்டும் விழுவதும் எழுவதுமாக, விளக்கை அணைக்கும்வரை இறங்கிக்கொண்டே இருந்தாளாம். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அவள் எங்கள் வீட்டில் இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டேன்.

"இறங்கேக்கை தலைக்குள்ள ஒண்டும் இருக்காது, வெங்கட். அடுத்த திருப்பம் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

ஒன்டாரியோவின் குன்றுகள் அவளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டன. ஏறி நின்று மூச்சு விடுவதற்குள் அடிவாரம் வந்துவிடுகிறது என்று குறைப்பட்டாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், குழம்பை ஊற்றிக்கொண்டே, மேற்கே மலைப்பக்கம் ஒரு சின்ன ஊராகப் பார்த்துக் குடிபோகலாம் என்றாள். உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஊர் பார்த்தார்கள். ஒரு ஊர் பேரழகு, ஆனால் பணக்காரர்களுக்கு மட்டும். இன்னொன்றில் பனி நல்ல பனி, பள்ளிக்கூடம் சரியில்லை. மற்றொன்றில் எல்லாம் சரி, ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நான் என் பங்குக்குக் கேள்வி கேட்டேன். ஊரைவிட்டு வெளியேற எத்தனை வழி? இருதய டாக்டர் எவ்வளவு தூரத்தில்? கரடி வருமா? பனிச்சரிவில் புதைந்தவர்களைப் பற்றி இணையத்தில் கிடைத்த காணொளி அத்தனையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

"உங்களுக்கு ஊசிக்கும் பயம், உதுக்கும் பயம்" என்றாள் கௌசி.

"ஊசி மேல வந்து விழாது, கௌசி. மலை விழும்."

மாமியார் தவமணி ஸ்கார்பரோவில், முன்பே இங்கே வந்துவிட்ட மூத்த மகளோடு இருக்கிறார். அவராவது இதைத் தடுப்பார் என்று நம்பித் தொலைபேசியில் போட்டுக்கொடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முருங்கைக்காய் கிடைக்குமோ அங்க?" என்று மட்டும் கேட்டார். கிடைக்காது என்றேன். "அப்ப நான் கொண்டுவாறன்" என்றார். அந்தக் கதவும் அடைபட்டது.

கடைசியில் ஒரு ஊர் தேறியது. பெயரை எழுதக்கூடாது என்பது கௌசியின் உத்தரவு. எழுதினால் கூட்டம் வந்துவிடுமாம். அங்கே ஆஸ்பத்திரி இருந்தது, லேபில் ஆள் தேவைப்பட்டது, அவளுக்கு வேலையும் கொடுத்துவிட்டார்கள். வருகிறாளா இல்லையா என்பதைத் திங்கட்கிழமை சொல்லவேண்டும். என் வேலை எந்த மூலையிலிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. ஆகவே சொல்லிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பிப்ரவரியில் மூன்று பேரும் கிளம்பினோம்.

விமானத்திலிருந்து இறங்கி வாடகைக் காரில் மலைப்பாதை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். வழியில் ஒரு பலகை: பனிச்சரிவுப் பகுதி, வண்டியை நிறுத்தாதே. எனக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மூச்சு பயந்துகொள்ளவேண்டும் போலிருந்தது, அதற்கும் அனுமதியில்லை. கௌசி வண்டியை ஓட்டியபடி வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பின்னால் அட்சயா ஒவ்வொரு மலையையும் காட்டி, "அம்மா, உதிலயா நாங்க ஸ்கீ பண்ணப்போறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் கதவுக் கைப்பிடியை விடவில்லை.

ஊர் அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே தெரு, ஒரு ரொட்டிக்கடை, கையசைக்கிற மனிதர்கள். இவ்வளவு பெரிய மலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. அடிவாரத்து ஹோட்டலில் தங்கினோம். அன்று மாலையே பனி கொட்டத் தொடங்கியது. கௌசி ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு சின்னப்பிள்ளையாக நின்றாள். "நாளைக்கு முதல் லிஃப்டில ஏறுவன்" என்றாள்.

விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்டது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரைத் தூக்கத்தில் எனக்கு அது தீபாவளி. யாரோ தெருமுனையில் அணுகுண்டு வெடி போடுகிறான் என்று நினைத்துப் போர்வையை இழுத்தேன். இரண்டாவது சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது. கண்விழித்துப் பார்த்தால் கட்டிலில் அவளுமில்லை, குழந்தையுமில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார்கள். அட்சயா அடியில், கௌசி அவள்மேல் கவிழ்ந்து. ஒரு கையால் குழந்தையின் தலையைத் தரையோடு அழுத்தியிருந்தாள். மூன்றாவது சத்தம் கேட்டதும் அவள் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது.

"வாயைத் திற. காதைப் பொத்து. தலையைத் தூக்காதை, திலக்சன்."

"அம்மா, நான் அட்சயா" என்றது கீழேயிருந்து ஒரு நசுங்கிய குரல்.

"தலையைத் தூக்காதையடா."

"அம்மா, நான் அட்சயா. அட்சயா."

கௌசிக்கு அது கேட்கவில்லை. அவள் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை, அறை இல்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ முறை பயந்தவன். அன்றைக்குப் பயந்ததோடு ஒப்பிட்டால் அதெல்லாம் விளையாட்டு. எதற்குமே பயப்படாதவள் பயந்ததை நான் பார்த்தேன்.

எட்டித் தொலைபேசியை எடுத்து வரவேற்பில் கேட்டேன். அவர்கள் சாவதானமாகப் பதில் சொன்னார்கள். ராத்திரி நிறையப் பனி சேர்ந்திருக்கிறது. தானாகச் சரிந்தால் ஆளை மூடும் என்பதால் ஆட்கள் ஏறுவதற்கு முன் வெடிவைத்து இறக்கிவிடுகிறார்கள். பனி நிறைய விழுகிற நாளெல்லாம் இது உண்டாம். நான் தரையில் ஊர்ந்துபோய் அவள் பக்கத்தில் படுத்துக் காதில் சொன்னேன்.

"கௌசி, பனியைத்தான் உடைக்கிறாங்க. வேற ஒண்ணுமில்ல."

"ஆர் சொன்னது?"

"ஹோட்டல்காரங்க."

"அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள்.

சத்தம் ஓய்ந்தும் வெகுநேரம் அப்படியே கிடந்தோம். வெளிச்சம் வந்த பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது. குழந்தையின் நெற்றியில் கம்பளத்தின் தடம் பதிந்திருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் செத்துப்போனது. டொரொண்டோவில் வாணவேடிக்கை நாட்களில் இவள் எப்போதும் இரவு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். ஆஸ்பத்திரி லேப் இருப்பது அடித்தளத்தில். எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினால் அங்கே ஒரே கொண்டாட்டம். வெடிச்சத்தம் கேட்டால் புதுப்பனி நிறைய என்று அர்த்தமாம். கடைசியாக ஒன்று வெடித்துக் கண்ணாடிக் குவளைகள் கலகலத்தன. பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. எழுந்துபோய் ஒவ்வொருவனையும் அறையலாம் போலிருந்தது. கௌசி மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிடலாம், கௌசி. நமக்கு டொரொண்டோ போதும். மலை வேணாம்."

"அடிக்கிற ஆக்களை நான் பாக்கோணும்" என்றாள்.

வெடிவைத்த குழுவின் தலைவி டார்லீன். மலையிலிருந்து இறங்கி, கண்ணாடி அணிந்த இடம் மட்டும் வெளுத்த முகத்தோடு, காப்பிக்காக நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கௌசி நேரே போய் அவள் முன்னால் நின்றாள். நான் அட்சயாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மன்னிக்கவேண்டும் என்றோ, வணக்கம் என்றோ கௌசி சொல்லவில்லை. மேலே ஆள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இருக்கமாட்டார்கள், முதலில் மலை முழுவதையும் மூடிவிடுவோம் என்றாள் டார்லீன். மேலே நிற்கும் எங்கள் ஆட்களைப் பெயர் சொல்லி வாக்கிடாக்கியில் கூப்பிடுவோம். கடைசி ஆள் பதில் சொல்லும்வரை திரியைத் தொடமாட்டோம். பிறகு சரிவைத் தொலைநோக்கி வைத்துப் பார்ப்போம். உள்ளே போன காலடித் தடம் ஒன்று இருந்து, திரும்பி வந்த தடம் இல்லையென்றால் அன்றைக்கு வெடி கிடையாது. அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிப்போம்.

"ஒரே ஒரு ஆள் என்றாலும்?"

"ஒரே ஒரு ஆள் என்றாலும்."

"அவர் யாரென்று தெரியாவிட்டாலும்? இந்த ஊர்க்காரர் இல்லையென்றாலும்?"

டார்லீனுக்குக் கேள்வி விளங்கவில்லை. குவளையைக் கீழே வைத்தாள். யாராயிருந்தால் என்ன, ஆள் இருக்கிற இடத்தில் எப்படி வெடிவைப்பது என்று கேட்டாள்.

கௌசி என் பக்கம் திரும்பினாள். என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஆங்கிலம் பேசுபவள், "அவ என்ன சொன்னவ, வெங்கட்?" என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். ஆள் இருந்தா அடிக்கமாட்டாங்களாம், கௌசி. இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் அங்கேயே, பூட்ஸ் போட்ட கூட்டத்துக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள். தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்து டார்லீன் பதறிப்போனாள்.

அன்று கௌசி மலை ஏறவில்லை. அறையிலேயே இருந்தாள். சாயங்காலம் மறுபடியும் பனி கொட்ட ஆரம்பித்தது.

"நாளைக்கும் அடிப்பினம்" என்றாள். "நிண்டு பாப்பம். அதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்கேலுமெண்டா இஞ்ச வருவம். ஏலாட்டி ஸ்கீயை வித்துப்போடுவன். பிள்ளையை இன்னொருக்கா அப்பிடி நசிக்கமாட்டன்."

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. மலை எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனால் தலைக்குள் ஒன்றுமில்லாத அந்த ஓர் இடத்தையும் அவள் இழந்துவிட்டால் பிறகு எங்கே போவாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மலையைவிடப் பயமாக இருந்தது.

விடிவதற்கு முன்னமே எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். நடுவில் அட்சயா தூங்கினாள். முதல் வெடி கேட்டது. கௌசியின் நகம் என் கையில் இறங்கியது. கட்டிலே ஆடும்படி நடுங்கினாள், ஆனால் கீழே இறங்கவில்லை. இரண்டாவது வெடிக்கு அட்சயா கண்விழித்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவளாகவே தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டாள்.

கௌசி குனிந்து அந்தச் சின்னக் கைகளைக் காதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் அட்சயா. அது பனி. அங்க ஒருத்தரும் இல்லை. பாத்திட்டுத்தான் அடிக்கினம்."