சவரிமுத்துவின் காகிதங்கள்: கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவே ஒரு வாரம்

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் கிள்ளானில் தங்கினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ம. சவரிமுத்து என்ற எழுத்தாளரின் காகிதங்கள் குப்பை லோரியில் ஏறிவிடாமல் தடுக்கப் போனேன்.

சவரிமுத்து துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். கதைகள் எழுதினார், தொழிலாளர்களுக்காகக் கட்சி மேடையில் பேசினார், ஒரு சிறு பத்திரிகையில் தலையங்கம் எழுதினார். அந்தத் தலையங்கங்களுக்காக விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் தடுப்புக்காவலில் இருந்தார். நான் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இந்த வலைப்பூவில் அவருடைய கதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவருடைய மகள் ரெஜினா வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். "வீட்டை வித்தாச்சு டீச்சர். சனிக்கிழமை சாவி கொடுக்கணும். அப்பா பேப்பர் வேணும்னா சீக்கிரம் வாங்க."

கிளம்புவதற்கு முன் தலைநகரில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவுக்குப் போன் செய்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரி. ஆனால், அரசியல் சம்பந்தப்பட்டவை மட்டும் போதும், மற்றவற்றுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். சரி, அதுவாவது பிழைக்கட்டும் என்று பையைத் தூக்கினேன்.

ஈப்போவிலிருந்து தலைநகரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கேயே கீழ்த்தளத்தில் கொம்யூட்டர் புறநகர் ரயில் பிடித்தால் கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார் வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலையில் போகலாம், ஆனால் மாலையில் ஷா ஆலம் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். ரயிலில் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள், குளிர்சாதனம் எலும்பைத் தொடும்.

ரெஜினா ஆன்டி ஓய்வு பெற்ற தாதி. வரவேற்பறை முழுக்கப் பெட்டிகள். நான் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஆர்கிட் செடிகளைப் பற்றிய குறிப்புகள் மட்டும் மூன்று பெட்டி. அலையாத்திக் காட்டுப் பறவைகள், கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நின்ற நாட்களின் கணக்கு, மலாய் பந்தூன் கவிதைகளின் தமிழாக்கம், கிறிஸ்துமஸ் கேக் செய்முறை. ஒரு மனிதருக்கு இத்தனை ஆசைகள் எப்படி என்று வியந்துகொண்டே கேட்டேன்:

"அரசியல் பேப்பர்லாம் எங்க ஆன்டி?"

"அது அண்ணன்கிட்ட. அப்பா அடக்கம் முடிஞ்ச மறுநாளே தூக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நாங்க பேசிக்கிறது இல்ல."

அண்ணன் எட்வர்ட் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். மறுநாள் காலை வந்த வழியே திரும்பினேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்து நிமிட நடை, பழைய அடுக்குமாடி, மின்தூக்கி கிடையாது. இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றபடியே அவர் சொன்னார்: "யார்கிட்டயும் கொடுக்கறதா இல்ல. நீங்க போகலாம்லா."

போனேன். கீழே இருந்த கடையில் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, நாளைக்கும் வருவது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்கப்பாவ பிடிச்சுட்டுப் போனப்ப எனக்குப் பதினாலு வயசு. அம்மா நாசி லெமாக் சோறு கட்டி வித்தாங்க. கட்சிக்காரன், எழுத்தாளன், ஒருத்தன் வாசப்படி மிதிக்கல. இப்ப பேப்பர் மட்டும் வேணுமா டீச்சர்?"

ஆய்வு, வரலாறு என்று நான் தயார் செய்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் அந்த வாசலில் அற்பமாகத் தோன்றின. ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை. கிள்ளானுக்குத் திரும்பியதும் ரெஜினா ஆன்டியிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் திறந்து கிடந்த ஒரு பெட்டியை மூடி வைத்தார். பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

நான் மூன்றாம் முறை அந்தப் படிகளில் ஏறியபோது கூட வந்த ஆன்டிக்கு மூட்டு வலி. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினோம். கதவைத் திறந்த எட்வர்ட் அங்கிள் தங்கையைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார்.

"இந்தக் காலோட எதுக்கு ஏறி வந்த?"

"நீ இறங்கி வரலியே அண்ணே."

உள்ளே போனோம். இந்த முறை நாற்காலி கிடைத்தது. ஆன்டி சுற்றி வளைக்கவில்லை. "உனக்குக் கோபம் இருக்கு, எனக்கும் இருக்கு. நாசி லெமாக் பொட்டலம் கட்டினதுல பாதி நான்தான். ஆனா நீ போனப்புறம் உன் பசங்க இத என்ன செய்வாங்க? ஓல்ட் பேப்பர்காரன்கிட்ட போட்டுடுவாங்க."

அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மோனோரயில் இரைந்து போனது. பிறகு என்னிடம் சொன்னார்: "தரேன். ஆனா ஆர்கிட், புட்பால், கேக், எல்லாம் சேர்ந்துதான் போகணும். கட்சிக்காரரா மட்டும் அவர அங்க வைக்காதீங்க. பிரிச்சுக் கேட்டா ஒரு தாள்கூட கிடையாது."

அதாவது, நூலகம் எதை வேண்டாம் என்றதோ அதுவே நிபந்தனை. ஆவணப் பிரிவு அதிகாரியை மறுபடியும் அழைத்தேன். மறுத்தார். ஒரே ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் என்றேன். மறுத்தார். மாலையில் மறுபடியும் அழைத்தேன். என் தொல்லை தாங்காமல்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கிள்ளானுக்கு வந்தார். அங்கிளும் தன் பெட்டிகளை மகனின் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி மலாய்க்காரப் பெண், வேலையில் கறார். அரசியல் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம் என்று தரையில் பிரிக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் கை நின்றது. ஓர் ஆர்கிட் குறிப்பைத் திருப்பினால் பின்பக்கத்தில் வேலைநிறுத்தப் பேச்சின் முதல் வரைவு. தலையங்கம் ஒன்றின் பின்னால் ஒரு கால்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கு. அந்த வீட்டில் காகிதம் எப்போதும் தட்டுப்பாடு. ஒரு பக்கம் எழுதிய தாளைச் சவரிமுத்து வீணாக்கவே மாட்டாராம்.

"இதுல எந்தப் பக்கத்த எடுத்துக்குவீங்க?" என்று ரெஜினா ஆன்டி மலாயில் கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அதிகாரி தாளை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். கொஞ்சம் குரல் உயர்ந்தது. திரும்பி வந்து என்னிடம், "செமுவா போலே, சிகு" என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், டீச்சர் என்று அர்த்தம். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

சனிக்கிழமை சாவி கைமாறுவதற்கு முன்பே நூலக லோரி வந்துவிட்டது. பெட்டிகள் போனபின் வரவேற்பறை சட்டென்று பெரிதாகத் தெரிந்தது. அண்ணனும் தங்கையும் வெறும் தரையில் உட்கார்ந்து, வாங்கி வந்த வாழையிலைச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். யார் மீன் தலையை எடுப்பது என்று சண்டை போட்டார்கள்.

இதுபோன்ற வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிள்ளானில் தங்குவது தலைநகரில் தங்குவதைவிட மலிவு. நிலையத்திலிருந்து வீடுகளுக்குக் கிராப் வாடகைக் காரில் பத்து ரிங்கிட்டுக்குள் முடியும். பழைய காகிதத்தைப் புரட்டப் போகிறீர்கள் என்றால் முகக்கவசம் அவசியம், எனக்கு இரண்டு நாள் தும்மல் நிற்கவில்லை. பெட்டிகளின் வரிசையை நீங்களாக மாற்றாதீர்கள். நூலகம் முதலில் சொல்லும் 'இல்லை'யை முடிவாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. சிறைக்குப் போன எழுத்தாளரின் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், போனவுடன் காகிதத்தைக் கேட்காதீர்கள். அவர் உள்ளே இருந்தபோது வெளியே இருந்தவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பதில் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.