பாஸ்கல் வைத்த இரட்டைக் காவல்

ஆவடி குவார்ட்டர்ஸில் பாஸ்கலைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவனை விரும்பியவர்கள் அதைவிடக் குறைவு. தொழிற்சாலையில் அவன் இன்ஸ்பெக்டர். பிறர் கடைந்த இரும்பை அளந்து பார்த்துக் குறை சொல்வது வேலை. சந்தேகப்படுவது மனிதனுக்கு நல்லதுதான். ஆனால் சந்தேகத்துக்கே சம்பளம் வாங்குகிறவன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறான்.

தொண்ணூற்றெட்டில் அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மனைவி ஜெயகுமாரி பூந்தமல்லியில் ஓர் அச்சகத்துக்குப் பக்கங்கள் அடித்து ஃப்ளாப்பியில் கொடுத்துவந்தாள். அவளை யாராவது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றால் அது அந்த வேலையால்தான். அதற்கு முன் அவள் வெறும் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா.

கடைக்காரன் வைரஸ் பிடிக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டேதான் கொடுத்திருந்தான். பாஸ்கலுக்கு அது போதவில்லை. தொழிற்சாலையில் ஒருவர் பார்த்த சாமானை இன்னொரு இன்ஸ்பெக்டரும் பார்த்தால்தான் வெளியே போகும். வீட்டிலும் அதே விதி. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து இன்னோர் ஆன்டிவைரஸையும் ஏற்றினான்.

புதியது பழையதைப் பார்த்து வைரஸ் என்றது. பழையது புதியதைப் பார்த்து அதையே சொன்னது. ஜெயகுமாரி ஒரு பக்கத்தைச் சேமிக்கப் போனால் இரண்டும் அதன்மேல் விழுந்து பிராண்டின. கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. அணைத்துப் போட்டால் அடித்ததெல்லாம் போயிற்று. மாதா கோயில் திருவிழா மலர் பாதியில் நின்றது. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் அம்பத்தூரில் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அச்சகத்தார் சொல்லியனுப்பினார்கள்.

"ஒண்ண எடுத்துடலாங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு மொறைச்சிகினு கீது. என் வேல போவுது" என்றாள்.

"இன்ஸ்பெக்டர எவனாச்சும் தூக்குவானா? ரெண்டும் சண்ட போடுதுன்னா ஒழுங்கா வேல செய்யிதுன்னு அர்த்தம். உனுக்கு இன்னா தெரியும்?"

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை. இத்தனை வருஷம் எதிர்த்துப் பேசாததைத் தன் பொறுமை என்று நினைத்திருந்தாள். அது அவன்மேல் இருந்த இளக்காரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் அவன் ஷிப்டுக்குப் போனதும் கண்ட்ரோல் பேனலைத் திறந்து புதியதை நீக்கினாள். நிச்சயமாகவா என்று அது கேட்டது. இந்த வீட்டில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. ஆம் என்று அழுத்தினாள். கை வந்த வேகத்தில் பழையதையும் நீக்கினாள். அது யோசித்துச் செய்த காரியம் என்று சொல்ல முடியாது. அணைத்துப் போட்டபோது கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. மலர் வெள்ளிக்கிழமையே முடிந்து பூந்தமல்லிக்குப் போயிற்று. அடுத்த வேலையும் கையோடு வந்தது.

ஞாயிறன்று பக்கத்து வீட்டு லட்சுமணனை அழைத்துவந்து பாஸ்கல் கம்ப்யூட்டரைக் காட்டினான். சத்தமில்லை, சண்டையில்லை, தொட்டவுடன் திறக்கிறது.

"பாத்தியா மாமே, ரெண்டு செக்கிங் வெச்சேன். இப்ப ரெண்டும் ஒத்துப்போச்சு" என்றான்.

லட்சுமணன் தலையாட்டினான். உண்மையைச் சொன்னால் அவன் மறுபடியும் சிடியை எடுப்பான் என்று ஜெயகுமாரிக்குத் தெரியும். இருவருக்கும் காப்பி வைத்துவிட்டு, எழுந்திருங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றாள்.