கிளட்ச் இல்லாத வண்டி

மருதப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. 1979-இல் கோவில்பட்டி ரோட்டில் பருத்தி லோடு ஏற்றிய லாரி கவிழ்ந்தபோது போனது அது. வலது கால் நன்றாக இருந்தது. கைகளுக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் கிளட்சை மிதிப்பது இடது கால். பதினைந்து வருடம் லாரி ஓட்டியவரை அந்த ஒரு மிதி இல்லாமல் யாரும் வண்டியில் ஏற்றவில்லை.

ஆறு வருடம் அவர் செல்லப்பாவின் ஒர்க்ஷாப் வாசலில், கழற்றிப் போட்ட ஒரு லாரி சீட்டில் உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவிலுக்குள் வரும் வண்டிகளைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்வார்: "ரெண்டாம் கியருலயே உருட்டுதான் பாரு, மூணு போடுததுக்குச் சோம்பல்." மனைவி வள்ளித்தாய் தறிக்கூடத்தில் நூல் சுற்றி வீட்டை நடத்தினாள். அந்த ஆறு வருடமும் அவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை என்று அவள்தான் என்னிடம் சொன்னாள்.

பிறகு அந்த வண்டி வந்தது. வறட்சிக்குக் கிணறு தோண்ட வந்திருந்த வெளிநாட்டுக் குழு ஒன்று, ஊர் திரும்பும்போது தங்கள் பிக்கப்பைப் பனவடலிசத்திரத்துப் பூ விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பெட்ரோல் வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கீழே இரண்டே மிதிகள். அதைச் செல்லப்பாவின் ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தி, ஊரில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். கியர் மாற்றுகிற இடம் வந்ததும் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதிக்கும். தலை போய்க் கண்ணாடியில் மோதும். மூன்றாவது டிரைவர் நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கியபோது மருதப்பன் சீட்டிலிருந்து எழுந்தார்.

"என்னவே செல்லப்பா, இதுல கிளட்சே இல்லியா?"

"இல்ல. கியரு அதுவா விழுமாம்."

"அப்ப இது என்னை நெனச்சுச் செஞ்ச வண்டிதான்வே."

தேடிப் போக அவருக்கு இடது கால் இல்லை. அதனால் பிரேக்கும் விழவில்லை. அன்று மாலை வண்டியைக் கோயில் ரத வீதியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மறுநாளிலிருந்து சங்கத்து டிரைவர். விடியும் முன் கிராமங்களில் பறித்த பிச்சியும் மல்லிகையும் ஈரச் சாக்குகளில் ஏறும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் இரண்டு நடையாகச் சங்கரன்கோவில் பூச்சந்தையில் இறங்கும். மூன்று வருடம் அப்படி ஓடியது.

1988 பங்குனியில் நான் ஊருக்கு வந்தபோது அந்த வண்டிக்குப் பெயர் 'நிக்கிற வண்டி' என்றாகியிருந்தது. பஹ்ரைனில் ஐந்து வருடம் செவிலியாக இருந்துவிட்டு, அதற்கு முன் பம்பாய், டெல்லி என்று சுற்றிவிட்டு, எங்கேயும் கால் தரிக்காமல் திரும்பியிருந்தேன். வீட்டில் இருக்க முடியாமல் பஸ்ஸுக்கு நின்றபோது மருதப்பன் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் ஓடுகிற எஞ்சின் திடீரென்று திக்கியது, இருமியது, நின்றது. முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

மருதப்பன் சலிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஊன்றுகோலை எடுத்தார். என் காலுக்கு அருகே, கதவோரம் தரைக்குச் சற்று மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியின் மேல் அதன் நுனியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது.

"பயப்படாதீய சிஸ்டரு. உங்களைக் குத்தல."

கண்டுபிடித்த கதையைச் சொன்னார். விடியற்காலை முதல் நடையில் நிற்காது. வெயில் ஏறி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, அடுத்த நடையில்தான் நிற்கும். செல்லப்பா பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், டாங்கைக் கழுவினார். வள்ளித்தாய் கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து பானெட்டில் பூசினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் மருதப்பன் ஊன்றுகோலை வீசியபோது அது அந்த மூலையில் போய் இடித்தது. செத்த எஞ்சின் பிழைத்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு தகரப் பெட்டி. கை வைக்க முடியாத சூடு. ஓடுகிறபோது தட்டினால் எஞ்சின் துடித்தது. ஈரத் துண்டைச் சுற்றி வைத்தால் கொஞ்ச தூரம் கூடுதலாக ஓடியது.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இதே வண்டி இருந்தது. அங்கே இந்தப் பெட்டியை மாற்றுவதை நின்று பார்த்திருக்கிறேன். "அது கம்ப்யூட்டர் அண்ணாச்சி. எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ பொறி விடணும்னு எஞ்சினுக்குச் சொல்லுதது அதுதான். அது சூட்டுல நெனவு தப்புது. மாத்தத்தான் வேணும்" என்றேன்.

ஒர்க்ஷாப்பில் இதைக் கேட்ட செல்லப்பா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கம்ப்யூட்டரா? அப்ப கார்புரேட்டர் என்ன செய்யுது?"

"கார்புரேட்டரே கிடையாது."

"அதான பாத்தேன். மூணு வருசமா தேடுதேன்."

சங்கத்துச் செயலாளர் சங்கரநயினார் சிரிக்கவில்லை. வாடிய பூவோடு சந்தைக்குப் போன விவசாயிகள் அவரைத்தான் ஏசினார்கள். அவர் மருதப்பனிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் பாக்கேன் வே. அன்னைக்குப் பூ நேரத்துக்கு வரலன்னா இதை எடைக்குப் போட்டுட்டு டீசல் வேன் வாங்கிருவோம். அதுக்கு மேல என்னால பேச முடியாது."

டீசல் வேனுக்குக் கிளட்ச் உண்டு. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு வர நான் இன்னொரு முறை பஹ்ரைன் போக வேண்டியிருந்தது. மருதப்பன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல் பார்த்து வரைந்திருந்தார். ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்தில், பின்பக்கம் நசுங்கிய அதே மாதிரி வண்டியில், அதே எண்ணில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதை என் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். இதற்குள் வைகாசியில் பழைய பெட்டி மொத்தமாகச் செத்துவிட்டது. ஈரத் துண்டின் தண்ணீர் உள்ளே இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வண்டி ஒர்க்ஷாப்பில் தூசி படிந்து நின்றது. மருதப்பன் மறுபடியும் அந்த லாரி சீட்டுக்குப் போயிருந்தார்.

தபசுக்கு மூன்று நாள் முன்பு பெட்டியைப் பொருத்தினோம். அதை விற்றவன் ஒரு தாள் கொடுத்திருந்தான். நான் வரிவரியாக வாசித்துச் சொன்னேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்று. பின்களைத் தொடாதே. வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பெட்டியைத் தொடு. கடைசி வரி: எஞ்சின் ஓடும்போது எக்காரணத்தாலும் பேட்டரி வயரைக் கழற்றாதே, கழற்றினால் பெட்டி எரிந்துவிடும்.

"அப்ப டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு எப்பிடிப் பாக்க?" என்றார் செல்லப்பா. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். ஓடுகிற எஞ்சினில் பேட்டரி வயரை உருவுவார்கள். எஞ்சின் நின்றால் டைனமோ போச்சு, ஓடினால் நல்லது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"பாக்காதேயும்வே. அதான் சிஸ்டரு படிக்காவள்லா" என்று அவரை அதட்டினார் மருதப்பன்.

வண்டி முதல் திருப்பலிலேயே எடுத்தது. மஞ்சள் விளக்கு வந்து, அணைந்தது. மருதப்பன் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். இரண்டு நாள் உச்சி வெயிலில் ஓட்டினார். நிற்கவில்லை. "நேத்து ராத்திரி சோத்தைப் போட்டேன், மூஞ்சியப் பாத்து, குழம்பு நல்லாருக்குன்னாவ" என்று வள்ளித்தாய் வெட்கப்பட்டுச் சொன்னாள்.

தபசன்று காலையில் நானும் வண்டியில் இருந்தேன். வழக்கத்தைப்போல் இரு மடங்கு பூ. சாக்குகள் பின்னால் கட்டிக் கிடந்தன. வண்டிக்குள் பேச முடியாத வாசனை. பனவடலிசத்திரம் தாண்டிக் கரிசல் வெளிக்கு வந்ததும் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. பேட்டரிப் படம் போட்ட விளக்கு. அணைந்தது. மறுபடி மினுங்கியது.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மருதப்பனின் முகம் மாறிவிட்டது. "சார்ஜ் ஏறலியோ? ஊருக்குள்ள கூட்டத்துல போய் நின்னா மானமே போயிருமே" என்று வண்டியை ஓரங்கட்டினார். "இருங்க சிஸ்டரு, ஒரு நிமிசம்." எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். பெல்ட்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பானெட்டைத் தூக்கினார். அது அவரை மறைத்துவிட்டது.

எஞ்சின் ஒரு கணம் உறுமியது. பிறகு நின்றது.

அவர் உடனே பானெட்டை இறக்கவில்லை. நான் இறங்கிப் போனபோது பேட்டரி வயர் அவர் கையில் இருந்தது. அதை ஏதோ செத்த பாம்பைப் பிடித்திருப்பதுபோல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"கை அதுவாப் போயிருச்சு சிஸ்டரு. நீங்க படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னால கை போயிருச்சு."

வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. ஊன்றுகோலால் பெட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், மெதுவாக. பிறகு தட்டவில்லை.

சாலையில் போன சைக்கிள்காரர் ஒருவர் சங்கத்தில் போய்ச் சொன்னார். சங்கரநயினார் ஒரு வாடகை வேனையும், பெத்துராஜ் என்பவரின் டிராக்டரையும் அனுப்பினார். பூ வேனுக்கு மாறியது. சங்கரநயினார் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கோபப்படவில்லை. "ஒர்க்ஷாப்புல விட்டுட்டுச் சாவியக் குடுத்துரும் வே. வெள்ளிக்கிழமை வேன் பேசி முடிச்சிருவேன்" என்றார்.

நான் வேறு பெட்டி தேடலாம் என்று வாயெடுத்தேன். "அங்கன ஒண்ணுதான் இருந்துதுன்னு நீங்களே சொன்னியள்லா" என்றார் மருதப்பன், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

பெத்துராஜ் கயிற்றைக் கட்டினார். "அண்ணாச்சி, நீரு டிராக்டர்ல ஏறும். பவர் இல்லாம ஸ்டியரிங் இரும்பா இருக்கும். எம் மச்சான் உக்காருவான்."

"எதுல பிரேக்கு இருக்குன்னு ஒம் மச்சானுக்குத் தெரியுமாலே?" என்று சொல்லிவிட்டு மருதப்பன் ஏறி உட்கார்ந்தார்.

கயிறு இறுகியது. எஞ்சின் சத்தம் இல்லாமல் வண்டி நகர்ந்தது. அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பினார். வலது காலை ஊன்றிப் பிரேக் மிதித்துக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டார். ஊருக்குள் தபசுக் கூட்டம். ஹாரன் மட்டும் நன்றாக அடித்தது. ஜனங்கள் விலகினார்கள். ஒர்க்ஷாப்புக்குத் திரும்பும் இடத்தில், டிராக்டர் திரும்புவதற்கு முன்பே, இண்டிகேட்டர் போட்டார்.

செல்லப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பெல்ட்டை விரலால் அமுக்கினார். "பெல்ட்டு லூசுவே. அதுக்குத்தான் லைட்டு எரிஞ்சிருக்கு. அரைத் திருப்பு வேலை" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருதப்பன் இறங்கவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"அதை அமத்தும்வே. பேட்டரி எறங்கிரும்" என்றார் செல்லப்பா.

"எறங்கட்டும்" என்றார் மருதப்பன்.