ஒன்று என்றால் ஓம், இரண்டு என்றால் இல்லை

மின்கிட்டாரையும் அம்பிளிஃபயரையும் கணினியோடு இணைத்து முடிப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஹனோவர் தேவாலயத்தில் மாதத்துக்கொரு முறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குக் கிட்டார் அடித்துக்கொண்டிருந்த மாணவன் படிப்பு முடிந்து வேறு நகரத்துக்குப் போய்விட்டான். பாடகர் குழுவில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நான் பழகுறன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில், பாண் சுடும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட் வேலை. எந்த ஆசிரியரும் எனக்கு ஏற்ற நேரத்தில் வகுப்புத் தரவில்லை. அதனால் கிட்டார் பழக்கும் மென்பொருள் ஒன்றைச் சீடியில் வாங்கினேன். நாம் அடிப்பதைக் கணினி கேட்கும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு காட்டும்.

ஆனால் அது கேட்டால்தானே! கிட்டாரிலிருந்து அம்பிளிஃபயருக்கு ஒரு வயர். அம்பிளிஃபயரின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து கணினியின் முதுகிலுள்ள நீல ஓட்டைக்கு இன்னொரு வயர், இடையில் தடித்த முனையை மெல்லிதாக்கும் அடாப்டர். எல்லாம் செருகியும் சிக்னல் இல்லை என்றே திரை சொன்னது. கடைசியில் ஒலி அமைப்புகளுக்குள் புகுந்து, ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போய், மைக்குக்கு எதிரே இருந்த சரி அடையாளத்தை எடுத்து நீல ஓட்டைக்குப் போட்டேன். பச்சை எரிந்தது. இரண்டில் ஒன்றைத்தான் அந்தக் கணினி கேட்கும் என்று அப்போதுதான் விளங்கியது. எந்த வழியால் அந்த ஜன்னலுக்குப் போனேன் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

அது புதன்கிழமை. மறுநாள் காலை மன்னாரிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்து, அம்மா போய்விட்டா என்று சொன்னா.

என்னால் செத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. என்னிடமிருந்த பத்திரம் ஜெர்மனியில் இருக்க விட்டதே தவிர, வெளியே போனால் திரும்பி வர விடாது. தம்பியின் நிலைமை அதைவிட மோசம். எங்காவது ஒரு நாடு ஏற்கும் என்று பாங்கொக்கில் ஒளித்துக் காத்திருந்தான். அவனிடம் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடைக்குப் போய், இணையத்தின் வழியாக என் கணினிக்கு அழைப்பு எடுப்பான். கணினி கடைக்காரரின் மேசையில் இருக்கும். தம்பிக்குத் தொலைபேசிக் கூண்டுக்குள் ஒரு ரிசீவர் மட்டும்தான். அதனால் அவனுக்கு எழுதிக் காட்டவும் வழியில்லை; கடையின் தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை.

"நீதான் சொல்லோணும்," என்றா அக்கா. "வேற ஆரும் சொல்லி அவன் கேக்கக்கூடாது."

ஞாயிறு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதும், சொல்ல வராமல் எழுந்து யன்னலடியில் நிற்பதுமாக இருந்தேன்.

"எடுத்த உடன சொல்லிப்போடாதேங்கோ," என்றாள் மனைவி. "சாப்பிட்டியோ எண்டு முதல்ல கேளுங்கோ. பக்கத்தில ஆரும் நிக்கினமோ எண்டு கேளுங்கோ. பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ."

கணினி மணியடித்தது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினேன். 

"ஹலோ, அண்ணை?"

"தம்பி, சாப்பிட்டியோ?"

"ஹலோ? அண்ணை? ஒண்டும் கேக்கேல்லை."

கத்தினேன். மைக்கைத் தட்டினேன். வயரைக் கழற்றிச் செருகினேன். அவன் குரல் அடுத்த அறையில் இருப்பதுபோல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் குரல் அவனுக்குப் போகவில்லை. அப்போதுதான் புதன்கிழமை நான் எடுத்துவிட்ட சரி அடையாளம் நினைவுக்கு வந்தது. கணினி இப்போது கிட்டாரைத்தான் கேட்கிறது, என்னை அல்ல.

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தேன். எல்லாம் ஜெர்மன், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எதையாவது பிழையாக அமத்தி அழைப்பு அறுந்துவிட்டால் என்று பாதியிலேயே மூடினேன். இந்த மென்பொருளை வாங்கிய என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"சரி அண்ணை, லைன் சரியில்லைப் போல. வைக்கிறன். அடுத்த ஞாயிறு எடுக்கிறன்."

அவன் இருந்த கட்டடத்தில் எங்கள் ஊர்ப் பெடியன்கள் இருந்தார்கள். அவர்களும் ஊரோடு கதைப்பவர்கள்தான். அடுத்த ஞாயிறுவரை அவன் காதுக்குப் போகாமல் இருக்குமா? படிக்கட்டில் வைத்து யாரோ ஒருவன் துக்கம் விசாரித்து இவன் அறிவதா?  கணினியின் முதுகைப் பார்க்க எட்டிக் குனிந்தபோது, மேசையில் சாத்தியிருந்த கிட்டாரை என் முழங்கால் இடித்தது.

"என்னது? கிட்டாரோ?" என்றான் தம்பி.

கணினிக்கும் அம்பிளிஃபயருக்கும் ஒரே பலகையிலிருந்துதான் மின்சாரம். கணினியைப் போட்டபோது அதுவும் உயிர்த்திருக்கிறது. கிட்டாரை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினேன்.

"நீங்களோ அண்ணை? நான் கதைக்கிறது கேக்குதோ?"

தட்டினேன். அவன் சிரித்தான். "கடைசியில உங்கட வாயையும் ஒருத்தன் அடைச்சிட்டான். சரி, ஓம் எண்டால் ஒருக்காத் தட்டுங்கோ, இல்லை எண்டால் ரெண்டு தரம். அண்ணி சுகமோ?"

ஒன்று.

"வேலை போகுதோ?"

ஒன்று. ஹெட்ஃபோன் ஓட்டையில் வயர் செருகியிருந்ததால் அம்பிளிஃபயர் வாய் திறக்கவில்லை. அறைக்குள் கம்பியின் சின்ன உரசல் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கே மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"உங்களுக்கென்ன விசரோ? செத்த வீட்டில கிட்டாரோ?"

"சத்தம் போடாதை!" என்று அவளிடம் பாய்ந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"அம்மா சுகமோ அண்ணை?"

இவ்வளவு வேகமாகக் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. விரல் கம்பியில் நின்றது. இரண்டு தரம் தட்டினேன்.

"சுகமில்லையோ? திரும்பவும் ஆசுப்பத்திரியிலயோ?"

இரண்டு.

"அப்பாடா. வீட்டிலதானே? பயப்படுத்திப்போட்டியள்."

இரண்டு. இரண்டு. இன்னும் இரண்டு. நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மையைக் கேட்டே அவனுக்கு நிம்மதி வந்தது. அதைத் தாங்க முடியாமல் கம்பியை ஆத்திரத்தோடு அடித்தேன், இரண்டு இரண்டாக.  அவனுக்குப் பின்னால் தெருவில் ஏதோ வாகனம் போகும் இரைச்சல் கேட்டது.

"அண்ணை," என்றான், குரல் இறங்கி. "அம்மா இருக்கிறாவோ?"

மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு அவன் குரல் கேட்காது. என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இரண்டு தரம் தட்டினேன்.

அவன் அழுதான். தம்பி, தம்பி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் போகவில்லை. அழும்போது தோளைப் பிடிக்கத்தான் முடியாது, ஒரு வார்த்தைகூடவா சொல்லக் கொடுத்து வைக்கவில்லை என்று இருந்தது. வைத்துவிடுவானோ என்ற பயத்தில் இடைக்கிடை ஒரு கம்பியை மெதுவாகத் தட்டிக்கொண்டேயிருந்தேன், நான் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று.

கனநேரத்துக்குப் பிறகு கேட்டான். "அடக்கம் முடிஞ்சுதோ?"

ஒன்று.

"தனியவோ போனவ?"

இரண்டு.

"அக்கா பக்கத்தில நிண்டவவோ?"

ஒன்று.

கூண்டின் கதவில் யாரோ தட்டினார்கள். அவனுடைய நேரம் முடிந்துவிட்டது.

"அண்ணை, கடைசியா என்னைக் கேட்டவவோ?"

எனக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில் நானும் கேட்கவில்லை. குரல் இருந்திருந்தால், தெரியாதடா, அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பேன். அதற்கு என்னிடம் வழியில்லை. ஓம் இருந்தது, இல்லை இருந்தது. பொறுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பொறுத்தலையே அவன் இல்லை என்று எடுத்துக்கொள்வான்.

ஒரு தரம் தட்டினேன்.

"சரி அண்ணை," என்றான். "அது காணும், அது போதும்." அழைப்பு அறுந்தது.

தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான். அம்மாவின் நினைவு நாளில் வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் சொல்வான், கடைசி நேரத்தில் அம்மா தன்னைத்தான் கேட்டவ என்று. தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறான். அம்மா அவனைக் கேட்டாவா என்று அக்காவிடம் நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன்.