உறை போட்ட மெஷின்

மானியம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. சைதாப்பேட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். ஒரு வருடப் படிப்பு. பிளஸ் டூவோடு நின்றுபோன பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். முடித்துவிட்டால் ஏதாவது ஒரு லேபில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை பார்க்கலாம் என்று நம்பி வருகிறவர்கள்.

எங்களிடம் பழைய மைக்ராஸ்கோப்கள்தான் இருந்தன. வெளியே எல்லா லேபிலும் மெஷின் வந்துவிட்டது. துளி ரத்தத்தை உறிஞ்சி, சிவப்பணு எத்தனை, வெள்ளையணு எத்தனை என்று ஒரு நிமிடத்தில் எண்ணிக் கொடுத்துவிடும். அதை வாங்க மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதியதே நான்தான். நாலு ஞாயிற்றுக்கிழமை அதில் போயிற்று. மெஷின் வந்த அன்று பிள்ளைகள் பூ வாங்கி வந்து அதற்குப் பொட்டு வைத்தார்கள்.

அதோடு சரி. மெஷினுக்குத்தான் மானியம், அது ஓட ஊற்றுகிற திரவத்துக்கு மானியத்தில் இடமில்லையாம். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு மூக்கால் அழுத கதை. மெஷின் அறைக்கென்று வாங்கிய ஏசி முதல்வர் அறைக்குப் போனது. "மெஷினுக்கு வேர்க்காது மேடம்" என்றார் அவர். சிரித்தார் வேறு.

இப்படி அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு யார் ஒரு பொருளை ஏற்றுக்கொள்கிறாரோ, அது பழுதானால் அவர் தலையில்தான் விடியும். ஒரு தராசு காணவில்லை என்று, ஓய்வு பெறுகிற மாதத்தில் ஒரு பெரியவரை அலைய விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் புதிதாக எது வந்தாலும் எங்களுக்கு முதல் வேலை அதைப் பூட்டுவது. நானும் உறையை மாட்டிப் பூட்டினேன். ஓட்டிப் பழக என்று கம்பெனிக்காரர் கொடுத்த ஒரு செட் திரவம் உள்ளேயே இருந்தது.

அந்த வருடம் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அம்மா மீன் விற்கிறவர். இவள் ஊசி குத்தினால் குத்தினதே தெரியாது, அப்படி ஒரு கை. அடையாறில் ஒரு பெரிய லேபில் ஆள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு அந்த வேலை மேலேயே குறியாக இருந்தாள்.

"மிஸ், ஒரே ஒரு தபா ஓட்டிப் பாத்துக்கறேன் மிஸ். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. அங்க இத்ததான் செய்யச் சொல்வாங்களாம்."

"உடைஞ்சா யார் கட்டறது? உங்கம்மாவா?" என்றேன்.

அப்படிச் சொன்ன வாயைக் கழுவ எனக்கு இன்றுவரை தண்ணீர் கிடைக்கவில்லை.

பிறகு, கொடுத்த மானியம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கக் குழு வந்தது. பொன்னாடை, பாதாம் பால், ரோஜா. அன்றைக்கு மட்டும் உறையைக் கழற்றினோம். அந்தப் பெண்ணுக்குக் கோட்டு மாட்டி, கையில் ரத்தக் குழாயைக் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நான். குழுவில் ஒருவர், "தினமும் இதுல பயிற்சி எடுக்கறியாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஆமா சார்" என்றாள். போட்டோ எடுத்தார்கள், அவளுக்கும் ஒன்று கிடைத்தது. இருபது நிமிடத்தில் ஆய்வு முடிந்தது. மீதிப் பகல் முழுக்கக் குழுவிலிருந்த ஒரு அம்மாவுக்குத் தி. நகரில் பட்டுப்புடவை பார்த்தோம். பையைச் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். சீ, என்ன பிழைப்பு.

படிப்பு முடிந்து அவள் அடையாறு லேபுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். மறுநாள் என்னைப் பார்க்க வந்தாள்.

"இன்னா மிஸ் சொல்றது. நம்மகிட்ட கீற அதே மெஷினுதான். எங்க ஆன் பண்றதுன்னே தெர்ல. பின்னால தடவிக்கினு நின்னேன். நான் ட்ரெய்னிங் எடுத்தவதான்னு அந்த போட்டோவ காட்டினேன். அத்த பாத்துட்டுதான் ரொம்ப சிரிச்சாங்க."

மெஷின் வேலை கிடைக்கவில்லை. போனால் போகிறதென்று வாசலில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். அன்று சாயங்காலம் நான் அறையைத் திறந்து திரவப் பெட்டியைப் பார்த்தேன். காலாவதியாகியிருந்தது. வகுப்பு மொத்தமும் பழகியிருக்கலாம், அவ்வளவு இருந்தது. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

முதல்வருக்கு அந்த உறுத்தல் எல்லாம் இல்லை. மானிய அறிக்கையில், வேலை கிடைத்தவர்கள் பட்டியலில், அவள் பெயருக்கு நேரே 'ஆய்வகப் பணி' என்று எழுதச் சொன்னார்.

"டோக்கன் குடுக்கறா சார்."

"ஆய்வகத்துலதான உக்காந்து குடுக்கறா? எழுதுங்க மேடம்."

எழுதினேன். அடுத்த மானியத்துக்கும் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார். பழைய மாணவி ஒருத்தியின் நன்றிக் கடிதத்தை இணைத்தால் கட்டாயம் கிடைக்குமாம். கூசாமல் அவளுக்கே போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அதெல்லாம் எழுத வராது மிஸ். நீங்களே எழுதி வைங்க, லீவு அன்னிக்கு வந்து கையெழுத்து போட்டுட்டுப் போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் ஆசிரியை அந்த மெஷினில் எங்களுக்கு அன்றாடம் பயிற்சி கொடுத்தார்' என்று ஆரம்பித்திருக்கிறேன்.